கூரைமேல் மில்டா

ஓடைப் பக்கம் பாதிரியாரின் கைமணி கிணுகிணுத்ததும் ஒஸ்ரிக் ஏணியை இழுத்துப் புல்லுக்குள் தள்ளினான்.

"ஐயோ, புள்ள மேல இருக்குய்யா!" என்று பதறினாள் அவன் மனைவி டெட்டா.

"தெரியும்டி. கயிறு கட்டித்தான படுக்க வச்சிருக்க? சாமி போறவரைக்கும் வாயத் தொறக்காத. இந்த வேலை செஞ்சா பாவப் பரிகாரமா ஏழு வருஷம் வெறும் ரொட்டியும் தண்ணியும்தான்னு போன ஞாயித்துக்கெழம அவர்தான சொன்னாரு? அப்புறம் தொட்டில்ல கெடக்குற கைப்புள்ளைக்குப் பால் எங்கேருந்து வரும்? உங்கப்பனா வந்து குடுப்பான்?"

காய்ச்சல் கண்ட குழந்தையைக் கூரைமேல் கிடத்தினால் சூரியன் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பது டெட்டாவின் தாய்வழி வைத்தியம். அதெல்லாம் ஊர் முன்னே கும்பிட்ட வோடன் சாமி காலத்து வேலை என்று திருச்சபை தடுத்திருந்தது. அவளும் முதலில் ஆல்ட்வின் பாதிரியார் மந்திரித்துத் தந்த தண்ணீரைத்தான் புகட்டினாள். காய்ச்சல் இறங்கவில்லை. இப்போதும் வீட்டின் பின்பக்கச் சரிவில் படுத்திருந்த மில்டாவின் கழுத்தில் மரச்சிலுவை இருந்தது.

ஆல்ட்வின் வந்து முற்றத்துக் கட்டையில் உட்கார்ந்தார். சபை ரோமாபுரியிலிருந்து அனுப்பிய ஆள் அல்ல, இதே சாக்ஸன் மண்ணில் பன்றி மேய்த்த குடும்பம். ஒஸ்ரிக் பார்லி மது ஊற்றிக் கொடுத்தான். பன்றி குட்டி போட்ட கதையை இரண்டு தடவை சொன்னான்.

"பொண்ணுக்கு எப்படியிருக்கு?"

"தூங்குறா சாமி, உள்ள."

டெட்டா கூரையைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டாள். வீட்டின் நிழல் முற்றத்தில் நீண்டு பாதிரியாரின் காலைத் தொட்டது. வெயில் இறங்கிவிட்டால் நாணல் கூரை ஈரம் கட்டும். போகிற காய்ச்சல் திரும்பி வந்து உட்காரும். பாதிரியாரோ அடுத்த கோப்பைக்குக் கை நீட்டினார்.

"சாமி," என்றாள். ஒஸ்ரிக் இருமினான். அவள் நிறுத்தவில்லை. "மில்டா உள்ள இல்ல. கூரைமேல இருக்கா. நாந்தான் வச்சேன். இவருக்குச் சம்பந்தமில்ல."

ஆல்ட்வின் கோப்பையைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் பின்னால் நடந்துபோய், கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கூரையைப் பார்த்தார். பிறகு சூரியனைப் பார்த்தார்.

"ஏழு வருஷம் ஏழு வருஷந்தான் டெட்டா. அதுல மாத்தமில்ல," என்றவர், ஒஸ்ரிக்கின் பக்கம் திரும்பினார். "ஏணி எங்கடா? எங்கம்மா இவ்வளவு நேரம் விடமாட்டா. நெழல் நீளறதுக்குள்ள என்னைய இறக்கிடுவா."