பதினாறாம் லோதார் சாகக் கூடாது

ஆல்டன்புரூக் நாட்டை அதுவரை ஆண்டவர்கள் பதினைந்து பேர். பதினைந்து பேருக்கும் லோதார் என்றே பெயர். வேறு பெயர் கிடைக்காமல் இல்லை. லோதார் என்று ஞானஸ்நானம் பெற்ற மகன் அடுத்தடுத்துப் பட்டத்துக்கு வரும்வரைதான் நாடு இந்த வீட்டுக்குச் சொந்தம், வழி அறுந்தால் பக்கத்து அரசனுக்கு என்று எந்தக் காலத்திலோ எவனோ ஒப்பந்தம் எழுதி முத்திரை குத்திவிட்டுப் போயிருந்தான். அந்தப் பாழாய்ப்போன தாளுக்காகத்தான் இப்போது வால்புர்கா பல்லைக் கடித்துக்கொண்டு காரியதரிசி க்னோபல் முன்னால் நின்றாள்.

அவள் அரண்மனைத் தாதி; பிள்ளைகளுக்குப் பூர்கி. மூத்தவன் லோதாருக்கும் இளையவன் எம்மெரிக்குக்கும் பால் கொடுத்து வளர்த்தவள். ஆறு வயது லோதார் தொண்டை அடைத்து, அன்று காலை அவள் மடியில்தான் கடைசி மூச்சை விட்டான். மகாராணி மயங்கி விழுந்தாள். அரசரோ பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மந்திரிகளுக்கு ஆளனுப்பினார்.

"இந்தா பாரும்மா, செத்தது சின்னவன் எம்மெரிக். பெரியவர் லோதார் சுகமா இருக்கார். நாளைக்கு அடக்கம். புரிஞ்சுதா?" என்றார் க்னோபல்.

"புரியலைங்க. உயிர் போறப்ப புள்ளையைக் கையில வச்சிருந்தது நான்தானே?"

"ரெண்டும் ஒரே ஜாடை. வண்டியில போறப்ப எட்டிப் பார்த்ததோட சரி, ஊர்ல எவனுக்கு அடையாளம் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"தெரியாதுன்னு வச்சுக்க."

"இருக்கிறவனுக்கு லோதார்னு பேரை மாத்திட்டுப் போங்களேன் ஐயா. செத்தவன்கிட்டருந்து எதுக்குப் பிடுங்குறீங்க?"

"புதுப் பேரு செல்லாது. ஞானஸ்நானத்துல வச்ச பேரா இருக்கணும். கோயில் ஏட்டுல ரெண்டு பேரு இருக்கு, அதுல ஒண்ணை அடிச்சாகணும்." க்னோபல் குரலைத் தாழ்த்தினார். "வாயை மூடிக்கிட்டு இருந்தா நீ பையனோடவே இருக்கலாம். இல்லைன்னா மூட்டையைக் கட்டு. அப்புறம் ஜென்மத்துக்கும் அவன் முகத்தைப் பார்க்க முடியாது."

ஒரு பிள்ளையைச் சாவு கொண்டுபோனது, இன்னொன்றை இந்த மனிதர்கள் மையைத் தொட்டுக் கொல்கிறார்கள். ஆனால் மிச்சம் இருப்பது அந்த ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்? தலையை ஆட்டிவிட்டு வந்தாள். தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

மறுநாள் கோயிலில் முதல் வரிசையில் பக்கத்து நாட்டுத் தூதன் கழுகுக் கண்ணோடு உட்கார்ந்திருந்தான். பெட்டிமேல் வெள்ளித் தகட்டில் எம்மெரிக் என்று வெட்டியிருந்தது. நான்கு வயது எம்மெரிக்குக்கு அண்ணனின் சட்டையைப் போட்டு, கையில் பாதாம் மிட்டாய் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பையன் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது வால்புர்காவின் வேலை.

அந்த வீட்டில் யார் இறந்தாலும் நிலவறைக்குள் இறக்குமுன் பாதிரியார் பெட்டியைக் கோலால் தட்டி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வராவிட்டால்தான் பெட்டி உள்ளே இறங்கும்.

"எம்மெரிக்!"

பையன் திடுக்கிட்டு வாயைத் திறந்தான். வால்புர்கா சட்டென்று பொத்தினாள். அவள் உள்ளங்கையில் அவன் உதடுகள் அசைந்தன.

"எம்மெரிக்!"

அவன் அவள் விரல்களை இழுத்து விலக்கினான். மிட்டாய் கீழே விழுந்தது. "பூர்கி, என்னையத்தானே கூப்பிடுறாரு? நான் செத்துட்டேனா?"

அவ்வளவுதான். ஒப்பந்தமும் நாடும் நாசமாய்ப் போகட்டும் என்று அவள் கையை எடுத்தாள். "இல்லடா என் ராசா. நீ சாகல. ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லு."

"எம்மெரிக்!"

"இருக்கேன்!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. தூதன் எழுந்து நின்றான். க்னோபல் பாய்ந்து வந்தார், காவலர்கள் வால்புர்காவின் இரண்டு தோள்களையும் பிடித்து இழுத்தார்கள். பையன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

"பெட்டிக்குள்ள இருக்கிறவனை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சாமி!" என்று வாசல்வரை கத்திக்கொண்டே போனாள் வால்புர்கா. "அநாதையாவா போவான் எம்புள்ள?"

பாதிரியார் அரசரைப் பார்த்தார். அரசர் தரையைப் பார்த்தார்.

மகாராணிதான் எழுந்தாள். அரசர் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, பாதிரியாரிடமிருந்து கோலைப் பிடுங்கிக்கொண்டு பெட்டியருகே போனாள். ஓங்கித் தட்டினாள்.

"லோதார்!"

மூன்று முறை கூப்பிட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.