ஓராண்டுக்கு மேல் பழையவை

மருத்துவமனையில் அவளை எல்லோரும் டோஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சீட்டில் எழுதிய மருந்தின் அளவு சரிதானா என்று பார்ப்பது மருந்தகத்தில் அவள் வேலை. தப்பாக எழுதிய டாக்டருக்கு ஃபோனிலேயே டோஸ் விடுவதும் அவள்தான். பெரிய டாக்டர்களே அவள் எண்ணைப் பார்த்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் எடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஏழு மாதமாக அந்தப் பேச்சுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. "அரை மாத்திரை போதும், மாத்திடுங்க" என்பாள், வைத்துவிடுவாள். கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் உயிர் வேண்டுமே.

ஏழு மாதத்துக்கு முன்பு அவள் கணவர் போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். ஊருக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் அவர் வாத்தியார்தான். பெற்ற அம்மாவே அப்படித்தான் கூப்பிடுவார். நெஞ்சு வலிக்கிறது என்று வந்தார். இதே மருத்துவமனையில் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காம் நாள் கைவீசி நடந்து வீட்டுக்குப் போனார். பத்தொன்பதாம் நாள் காலை குளியலறையில் விழுந்தார். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிவிட்டது. விதி என்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு சொல்லையே வைத்துவிட்டுப் போனார்கள், அவளும் தலையாட்டி வாங்கி வைத்துக்கொண்டாள். இப்போது அழுவாள், அப்போது அழுவாள் என்று காத்திருந்து பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. உண்மையில் நெஞ்சு கல்லாகவெல்லாம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு, கூட்ட அறையில் முப்பது டாக்டர்களுக்கு அவள் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தாள். ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்கும், இன்னொருவருக்குக் கேட்காது, மூன்றாமவரைக் கவிழ்த்துவிடும்; அதற்கான காரணம் பிறக்கும்போதே அவரவர் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. குழாயில் கொஞ்சம் எச்சிலைப் பிடித்துக் கொடுத்தால் எந்த மருந்து யாருக்கு ஆகாது என்று ஆய்வகம் சொல்லிவிடும். இதுவரை சோதனையாகச் சிலருக்கு மட்டும் செய்துவந்ததை இனிமேல் வெளிநோயாளிகள் எல்லோருக்கும் செய்யப்போகிறார்கள். இதயப் பிரிவில் அடுத்த மாதம் தொடங்கும்.

"ஏற்கெனவே ஸ்கிரீன் பூரா எச்சரிக்கையா வந்து கொட்டுது. இன்னும் ஒண்ணா?" என்றார் எலும்பு டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது ஒரு தடவை எடுத்தா போதும் டாக்டர்."

"ரிப்போர்ட் பழசாயிட்டா?"

"பழசாகாது. சர்க்கரை இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு காட்டும். இது பொறந்தப்ப என்னவோ அதுதான் கடைசி வரைக்கும்."

குரல் பிசிறவே இல்லை. இந்த ஒரு வரியை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த மருத்துவமனையில் யாரும் கிடையாது. அறிய வேண்டிய நேரத்தில் அறிந்திருந்தால் தேவலை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கூட்டம் நடந்தது. பழைய ஆய்வக ரிப்போர்ட்டுகள் ஸ்கிரீனில் குவிந்து கிடப்பதால் வேண்டியது கண்ணில் படுவதில்லை என்று டாக்டர்கள் புலம்பினார்கள். ஆளுக்கொன்று சொல்லி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது டோஸக்கா எழுந்து, "ஓராண்டுக்கு மேல பழசானதை எல்லாம் மறைச்சு வெச்சிடலாம். போன வருஷத்துச் சர்க்கரையை வெச்சு இன்னிக்கு யார் மருந்து குடுக்கப்போறா?" என்றாள். அப்பாடா என்று மேசையைத் தட்டினார்கள். மறுநாளே ஸ்கிரீன் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. மரபணு ரிப்போர்ட்டையும் ஆய்வகம் தேதி போட்ட இன்னொரு ரிப்போர்ட்டாகத்தான் ஏற்றியிருந்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு வருடம் ஆனதும் அதுவும் மறைந்தது. மறைந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஸ்கிரீன் எச்சரிக்காது.

சோதனைக்காக முதன்முதலில் எச்சில் கொடுத்தது ஊழியர்களின் வீட்டார்தான். வாத்தியாரும் கொடுத்தார். "என் எச்சில்ல என்ன ரகசியம் இருக்கப்போகுது, சாக்பீஸ் தூள்தான் இருக்கும்" என்று கிண்டல் வேறு. முடிவை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். அவர் அதைப் பர்ஸில் செருகிக்கொண்டார். இறப்புச் சான்றிதழுக்காக அடையாள அட்டையைத் தேடியபோது, பஸ் பாஸுக்குப் பின்னால் அது அவள் கையில் அகப்பட்டது. ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் ரோஸ் நிற மாத்திரையின் பெயர். எதிரே, "இவருக்கு வேலை செய்யாது. மாற்று மருந்து தரவும்."

அந்த மாத்திரையை எண்ணி, உறையில் போட்டு, அவர் கையில் கொடுத்தவள் அவள்தான்.

மாற்று மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கொடுக்காமல் போனதுதான் தெரியும். மறுவாரம் கம்ப்யூட்டர் பார்க்கிறவரிடம் போய், மரபணு ரிப்போர்ட்டுகள் மட்டும் எத்தனை வருடமானாலும் மறையக் கூடாது, மாற்றுங்கள் என்றாள். இருபது நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அட்டையைத் தன் ஊழியர் அடையாள அட்டைக்குப் பின்னால், கழுத்தில் தொங்கும் உறைக்குள் வைத்துக்கொண்டாள். ஏழு மாதமாக அது அங்கேயேதான் இருக்கிறது.

பாடம் முடிந்து மருந்தகத்துக்கு வந்து அரை மணி நேரம் இருக்கும். கண்ணாடிக்கு அப்பால் அவள் கொழுந்தன் நின்றான்.

வாத்தியாரின் ஒரே தம்பி, லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். அண்ணன் எவ்வளவு அளந்து பேசுவாரோ இவன் அவ்வளவு அள்ளி விடுவான். மூன்று நாளுக்கு முன்பு வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனைத் தூக்கி வந்தார்கள். அவனுக்கும் ஸ்டென்ட் வைத்தாயிற்று. அவள் மூன்று நாளும் வார்டுக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாள். வார்டில் வேறொரு வலுவான மருந்துதானே கொடுக்கிறார்கள், அவசரமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டர் எல்லோரையும் ரோஸ் மாத்திரைக்கு மாற்றிவிடுவார் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

"டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு அண்ணி. பக்கத்துக் கவுன்டர் காலியாத்தான் கிடக்கு, ஆனா உங்க கையால வாங்கணும்னு நின்னேன் அண்ணி."

"ஒரு வாக்கியத்துக்கு ஒரு அண்ணியாவது போடலேன்னா இவனுக்கு மூச்சு முட்டும்" என்று வாத்தியார் சொல்வார். அவர் எதையும் எண்ணுகிறவர். அதையும் எண்ணியிருக்கிறார்.

சீட்டைப் பார்த்தாள். முதல் வரியிலேயே ரோஸ் மாத்திரை. ஸ்கிரீனில் அவன் பெயருக்கு நேரே எந்த எச்சரிக்கையும் இல்லை, இருக்கவும் முடியாது. அவன் எச்சில் கொடுத்ததே இல்லை.

அவள் ஃபோனை எடுத்து இதய டாக்டரை அழைத்தாள். "ரோஸ் மாத்திரை ஸ்டாக் இல்ல டாக்டர். வார்டுல குடுத்ததையே போடலாமா?"

அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் நாற்பது பெட்டி இருந்தது.

"போடுங்க. அடுத்த மாசம் வரும்போது நான் மாத்திக்கிறேன்" என்றார் டாக்டர். "நீங்க இவ்வளவு தன்மையா கேட்டா எனக்குத்தான் பயமா இருக்கு."

தீர்ந்தது. ஒரு பொய், ஒரு மாதம். அதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி எச்சிலை வாங்கிவிடலாம். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. மாத்திரையை எண்ணிப் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று உறையில் எழுதிக் கொடுத்தாள்.

"சீட்டுல இருக்கிறது இது இல்லியே அண்ணி?"

"அது ஸ்டாக் இல்ல. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். இதுவும் நல்லதுதான்."

"அண்ணனுக்குக் குடுத்தது அந்த ரோஸ் கலர் மாத்திரைதானே அண்ணி? அது வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அண்ணன் சாப்பிட்டதையே நானும் சாப்பிடுறேன். அவர் ஆயுசு அவ்வளவுதான், அதுக்கு மாத்திரை என்ன பண்ணும்? நீங்க பார்த்துப் பார்த்துக் குடுத்ததாச்சே அண்ணி."

பையை மாட்டிக்கொண்டு திரும்பினான். நாலைந்து அடி வைத்திருப்பான்.

"தம்பி."

கவுன்டரில் 'அடுத்த கவுன்டருக்குச் செல்லவும்' பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, அவனை உள்ளே கூட்டிப் போனாள். மருந்து சாப்பிடும் முறையை நோயாளிகளுக்குச் சொல்லித் தரும் சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு கைகழுவும் தொட்டி, மேசைமேல் காலையில் வந்து இறங்கிய எச்சில் குழாய்ப் பெட்டி.

"ஸ்டாக் இருக்கு. நான் பொய் சொன்னேன்."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"அந்த மாத்திரை உங்க அண்ணன் உடம்புல வேலை செய்யாது. அப்படி ரிப்போர்ட் இருந்தது. கூடப் பொறந்தவன், உனக்கும் அப்படி இருக்கலாம். அதனாலதான் மாத்தினேன்."

"எப்ப தெரிஞ்சது? போனதுக்கப்புறமா?"

"முன்னாடியே. ரெண்டு வருஷத்துக்கும் மேல முன்னாடி."

"யாருக்குத் தெரியும்?"

"ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருந்தது. பழைய ரிப்போர்ட்டை எல்லாம் மறைச்சு வைக்கலாம்னு சொன்னது நான். அதுல இதுவும் மறைஞ்சிருச்சு. மாத்திரையை எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

அவள் அதைப் பாடம் எடுத்த அதே குரலில்தான் சொன்னாள். வேறு குரல் அவளிடம் இல்லை. அவன் எழுந்து போய், தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான். எதையாவது பழுதுபார்க்காமல் அவனால் இருக்க முடியாது.

"அண்ணனுக்கு இது தெரியுமா அண்ணி?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவள் ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்றுகூடத் தன்னை அவள் இதைக் கேட்டுக்கொண்டதில்லை.

"ஞாபகம் இருந்தது. வீட்டுக்கு வந்த அன்னிக்கு நான் மாத்திரையை எல்லாம் டப்பாவுல அடுக்கிக்கிட்டு இருந்தேன். 'அந்த அட்டையில ஏதோ மாத்திரை பேர் போட்டிருந்துச்சே, இதுவான்னு பாரேன்'னு கேட்டார்."

"நீங்க?"

"'ஏதாவது இருந்தா ஸ்கிரீன்லயே வந்திருக்கும், பேசாம சாப்பிடுங்க'ன்னேன்."

"அப்புறம்?"

"சாப்பிட்டார்."

வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் கழுத்து உறையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவன் எடுத்தான், அண்ணன் பெயரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான், மற்ற வரிகளை மெதுவாகப் படித்தான். அவள் கழுத்து லேசாக இருந்தது. நிம்மதி என்று ஒன்றும் வரவில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"இந்தக் கோடு வரைக்கும் எச்சில் துப்பணும். இந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. யார் மாத்திக் குடுத்தாலும் வாங்கக் கூடாது."

அவனுக்கு வாய் உலர்ந்து போயிருந்தது. எச்சில் ஊறவில்லை. குழாயை வாயருகில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் சுவரில் இருந்த கைகழுவும் முறையை ஒன்றிலிருந்து ஆறுவரை படித்தாள், மறுபடி ஒன்றிலிருந்து படித்தாள். கோடுவரை வரக் கால் மணி நேரம் ஆனது. மூடியைத் திருகி, பெயர் எழுதி, தேதி ஒட்டினாள்.

"ரிசல்ட் எப்ப வரும்?"

"பத்து நாள்ல."

"எத்தனை வருஷத்துக்குச் செல்லும்?"

"ஆயுசு முழுக்க."

அவன் எழுந்தான். அட்டையைத் திருப்பித் தரவில்லை, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவளும் கேட்கவில்லை. கதவுப் பிடியில் கைவைத்தபடி, அவளைப் பார்க்காமல் சொன்னான்: "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். அட்டையைப் படித்த பிறகு அவன் பேசிய வாக்கியங்கள் ஐந்து. ஒன்றில்கூட அண்ணி இல்லை. வாத்தியாரைப் போல அவளும் எண்ணத் தொடங்கிவிட்டாள்.

பிறகு ஃபோனை எடுத்து மாமியார் எண்ணைத் தட்டினாள்.

"அத்தை, சாயங்காலம் வீட்டுக்கு வரேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வாம்மா, அதுக்கென்ன ஃபோன் பண்ணிக் கேக்கிறது" என்றார் மாமியார். "வாத்தியார் போனதுலேருந்து நீ இங்க ஒரு வாய் சாப்பிடலியே. உனக்கும் சேர்த்து சமைச்சு வைக்கிறேன்."