மூன்றாம் முறை கேட்கும் வரை

எங்கள் மின்னசோட்டா மாநிலத்தில் பத்தாயிரம் ஏரிகள் இருப்பதாகக் கார் நம்பர் பலகையிலேயே எழுதியிருக்கிறது. அதில் ஒன்றுகூட எங்கள் ஊரான மூர்ஹெட்டுக்கு வழி விசாரித்து வரவில்லை. காடும் வரவில்லை, மலையும் வரவில்லை. வெள்ளை பீட்ரூட் மாதிரி ஒரு கிழங்கு வந்தது, அதிலிருந்து சர்க்கரை காய்ச்சுகிறார்கள். காற்று அந்த ஆலைப் பக்கமிருந்து அடிக்கும்போது ஊரே ஊசிப்போன வேர்க்கடலை போல மணக்கும்.

இந்த ஊரில் என் பெற்றோர் வீட்டின் பேஸ்மென்ட்டில் இரண்டு பாகம். ஒன்றில் கல்லூரி மாணவனாகிய நான். பலகைத் தடுப்புக்கு அப்பால் என் அக்கா மாரிட்டும் அவள் கணவன் வெஸ்லியும். பக்கத்திலேயே காடு, தண்ணீர், நடக்கிற தூரத்தில் நல்ல ரொட்டிக்கடை, நாடக அரங்கு என்று எல்லாம் கூடிய நகரம் எது என்று முடிவு செய்யும்வரை தற்காலிகமாகத் தங்க வந்தவர்கள். தற்காலிகத்துக்கு இது மூன்றாவது குளிர்காலம். மாரிட்டுக்கு இப்போது ஆறு மாதம். குழந்தை பிறப்பதற்குள் இந்தப் பேஸ்மென்ட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள். நானும்தான், எனக்குக் குழந்தை எதுவும் பிறக்கப்போவதில்லை என்றாலும்.

தடுப்பு மெல்லிய பலகை. அவர்கள் ஊர் தேடுவதை நான் தினமும் கேட்டேன்.

"டென்வர் போலாமா? உனக்கு மலை பிடிக்குமே," என்பாள் அக்கா.

"எனக்கு எதுன்னாலும் ஓகேதான் மாரிட். உனக்கு எது இஷ்டம்?"

"எனக்கென்ன, உனக்குப் பிடிச்சா சரி."

"அப்போ சிகாகோ? உனக்குக் கச்சேரி, கடை எல்லாம் இருக்கும்."

"அங்க உனக்கு மரமே இருக்காதே."

"மரம் இல்லாட்டி பரவால்ல."

வெஸ்லி மரம் இல்லாமல் வாடிப்போகிற ஆள். அக்காவோ காட்டில் ஒரு மணி நேரம் இருந்தால் கொசுவோடு பேச ஆரம்பித்துவிடுவாள். ஆகவே காட்டை விரும்புகிறவன் நகரத்துக்காகவும், நகரத்தை விரும்புகிறவள் காட்டுக்காகவும் மூன்று வருடமாக வாதாடினார்கள். இருவரும் தோற்றார்கள். அன்பு என்பது இதுதான் என்று எங்கள் பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். அவருக்குப் பேஸ்மென்ட் கிடையாது.

அக்டோபரில் ரெனாட்டா கூப்பிட்டாள். நியூ ஜெர்சிக்காரி. இங்கே அக்காவோடு ஒரு வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல யாரும் சண்டையே போட மாட்டேங்கறீங்க, எனக்கு மூச்சு முட்டுது" என்று சொல்லி மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் டுலூத்துக்கு ஓடிப்போனவள். அங்கே வீடும் வாங்கிவிட்டாள். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். நாலு மணி நேரப் பயணம். காரோட்ட ஓர் ஆள் கூட இருக்கட்டும் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

வீடு மலைச்சரிவில் இருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே சுப்பீரியர் ஏரி, மறுகரை தெரியாமல், கடல் என்று யாரோ ஏமாற்றி வைத்த மாதிரி. பின்கதவைத் திறந்தால் ஓடை, அதன் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை மரங்கள். வெஸ்லி ஒரு மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றான், நின்றுகொண்டே இருந்தான். முன்கதவு வழியாக இறங்கி நடந்தால் ரொட்டிக்கடை. அக்கா ரை தானிய ரொட்டி ஒன்றை வாங்கி, கைக்குழந்தையை அணைப்பது போல மார்போடு வைத்துக்கொண்டு திரும்பினாள். மேலே சரிந்த கூரைக்கடியில் ஒரு சின்ன அறை. அதில் என் கட்டில் எந்தச் சுவரோரம் நிற்கும் என்பதை அடுத்த நிமிடமே நான் தீர்மானித்துவிட்டேன். டுலூத்திலும் கல்லூரி இருக்கிறது, ஜனவரியில் மாறிக்கொள்ளலாம்.

சூப்பை ஊற்றிக்கொண்டே ரெனாட்டா சொன்னாள்: "அம்மாவுக்கு முடியல. நான் நியூ ஜெர்சிக்கே திரும்பிப் போறேன். வீடு சும்மாத்தான் கிடக்கும். நீங்க வந்து இருக்கீங்களா?"

வெஸ்லியின் கரண்டி பாதியில் நின்றது. அக்காவின் முகத்தில் ஏரி முழுவதும் தெரிந்தது.

"ஐயோ, வேணாம் ரெனாட்டா," என்றாள். "உனக்கு எதுக்குச் சிரமம்?"

"சரி," என்றாள் ரெனாட்டா. "மிளகு வேணுமா?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் யாராவது எதையாவது கொடுக்க வந்தால் முதல் தடவை மறுப்போம். அதற்கு மறுப்பு என்று பொருள் இல்லை. அது வணக்கம் சொல்வது போல. இரண்டாம் தடவையும் மறுப்போம். மூன்றாம் தடவை கேட்டால், "அவ்வளவு சொல்றீங்க, சரி, கொஞ்சமா" என்போம். போன ஜனவரியில் அப்பாவின் கார் பனிப்பள்ளத்தில் தலைகுப்புற இறங்கியபோது, கயிறு கட்டி இழுக்கட்டுமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அப்பா பள்ளத்துக்குள் இருந்தபடியே இரண்டு தடவை வேண்டாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரரும் நாகரிகம் தெரிந்தவர், பொறுமையாக மூன்றாம் தடவை கேட்டார். நியூ ஜெர்சியில் இதெல்லாம் கிடையாது. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாமாம்.

கிளம்பும்போது அவளுக்கு வேண்டிய அளவு அவகாசம் கொடுத்தோம். கோட்டைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றோம்.

"அழகான ஜன்னல்," என்றாள் அக்கா.

"ஆமா," என்றாள் ரெனாட்டா.

"அந்த மரங்கள்லாம்..." என்றான் வெஸ்லி.

"ஆமா, மரம்."

"மேல அந்த ரூமும் நல்லாருக்கு," என்றேன் நான், என் பங்குக்கு.

ரெனாட்டா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "எதையாவது மறந்துட்டீங்களா?"

வெஸ்லி காரை நெடுஞ்சாலையில் ஏற்றினான். பிறகு அக்கா, "ஃபோன்ல கேப்பா," என்றாள்.

கேட்கவில்லை. ஃபோன் சமையலறை மேசையில் மல்லாந்து கிடந்தது. அக்கா அதைச் சுற்றி வந்தாள். நவம்பரில் ரெனாட்டா வீட்டை வாடகைக்கு விடுவதாக இணையத்தில் விளம்பரம் போட்டாள். நான் பதறிப்போய் அதை மேலே எடுத்துக்கொண்டு போனேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"பாத்தியா மாரிட், ரெண்டாந்தடவ கேக்கறா," என்றாள் அம்மா.

"அம்மா, இது ஊருக்கே போட்ட விளம்பரம்."

"உனக்கு இதெல்லாம் புரியாதுடா நெல்ஸ். நேரா கேட்டா நமக்குச் சங்கடமா இருக்கும்னு நாசூக்கா கேக்கறா. நல்ல பொண்ணு."

அக்காவும் வெஸ்லியும் அதை நம்பினார்கள். இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி என்று பெட்டிகூடக் கட்டத் தொடங்கினாள் அக்கா.

"ஃபோனப் போட்டு வேணும்னு சொல்லிடேன்," என்றேன்.

"எப்படிடா? கையில இருக்கறதப் புடுங்கற மாதிரி!"

"அவதான் குடுக்கறாளே."

"அதுக்காக? உடனே வாங்கிக்கறதா?"

இதற்கிடையே சர்ச்சிலிருந்து யாரோ ஒரு தொட்டில் கொடுத்தார்கள். முறைப்படி இரண்டு தடவை மறுத்து வாங்கியது. பெரிய தேக்குக் கட்டில் மாதிரி ஒன்று. பேஸ்மென்ட்டில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்கும் சுவருக்கும் நடுவில் அதை வெஸ்லி பூட்டி முடித்தபோது, என் பாகத்தின் கதவு அதற்குப் பின்னால் போய்விட்டது. வெளியே வர நான் தொட்டிலுக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏற வேண்டும். ஒரு நாள் காலையில் கல்லூரிப் பையோடு அதற்குள் நான் சிக்கிக்கொண்டதை அக்கா துணி துவைக்கும் இடத்திலிருந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, என்னையும் கொதிகலனையும் கூரையோரத்தில் இருந்த, புல்லின் அடிப்பக்கம் மட்டும் தெரிகிற ஜன்னலையும் பார்த்தாள்.

அங்கேயே, துவைத்த துணிகளுக்கு நடுவே நின்று ஃபோன் செய்தாள்.

"ரெனாட்டா, நான் மாரிட். அந்த வீடு... வேற யாருக்கும் சிரமமில்லன்னா... நீ வேற யாருக்கும் சொல்லலன்னா... அப்படி ஒண்ணும் கட்டாயமில்ல..."

"மாரிட், எனக்கு ட்யூட்டிக்கு நேரமாச்சு. வேணுமா, வேணாமா?"

அக்கா கண்களை மூடிக்கொண்டாள். பிரசவ வலி இப்படித்தான் இருக்கும் போல என்று நான் தொட்டிலுக்குள் இருந்து நினைத்துக்கொண்டேன்.

"வேணும்," என்றாள்.

"அடிப்பாவி, அதத்தானே அன்னிக்கே கேட்டேன்! ஒண்ணாந்தேதி வந்து சாவிய வாங்கிக்கோ."

மேலே போய்ச் சொன்னபோது அம்மா பாத்திரம் துடைக்கும் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "வேணும்னே சொல்லிட்டியா?" என்று கேட்டாள். "ஒரு மாதிரி வித்தியாசமாத்தான் இருக்கு." எங்கள் வீட்டில் இதற்கு மேல் கடுமையான சொல் கிடையாது. ஆனால் அக்கா வருந்தவில்லை. அன்றிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது.

டிசம்பர் ஒன்றாம் தேதி காலை வாடகை லாரி முன்னே போனது. வெஸ்லி காரைக் கிளப்பினான். நான் தொட்டிலின் கடைசிப் பலகையைப் பின்சீட்டில் திணித்துவிட்டு நின்றேன். ஜன்னல் இறங்கியது.

"நெல்ஸ், மாடி ரூம் சும்மாதான் கிடக்குது," என்றாள் அக்கா. "நீயும் வந்துடேன்டா. ஜனவரியில காலேஜ மாத்திக்கலாம்."

சரிந்த கூரை, சுவரோரம் கட்டில், கீழே ஏரி. எல்லாம் எனக்குத் தெரிந்தது.

"அட, வேணாம் மாரிட்," என்றேன். "நீங்க ரெண்டு பேரு, குழந்த வேற. நான் எதுக்கு நடுவுல?"

"சரிடா," என்றாள். ஜன்னல் ஏறியது.

கார் தெருமுனையில் திரும்பியது. அப்பா பனி வாரும் மண்வெட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ."

அப்பா தெருமுனையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நம்ம வீட்டுப் பொண்ணா இது," என்றார். பிறகு என்னைத் தேற்றுவது போல, "பெட்ரோல் போட நிறுத்துவாங்க. அங்கேருந்து கூப்பிடுவா பாரு," என்றார்.

உள்ளே வந்து ஃபோனை எடுத்தேன். "வேணும்" என்று டைப் செய்தேன். அனுப்பவில்லை. பனியில் காரோட்டிக்கொண்டு போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு.