இன்னொரு சாவி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர் அவசரம். பெற்றவர்கள் நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் மற்றவர்கள் டப்பாவைத் திறப்பதற்குள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து நிற்கிறவனை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. துவைக்கும் இயந்திரம் ஆள் உயரம் இருக்கும். அதன் உருளைக்குள் போர்வைகள் முறுக்கிச் சிக்கிக்கொண்டால் யாராவது உள்ளே நுழைந்துதான் பிரித்தெடுக்க வேண்டும். நுழைகிறவன் இயந்திரத்தை நிறுத்தி, சாவியை உருவித் தன் கழுத்தில் மாட்டிக்கொள்வான். அவன் வெளியே வந்து சாவியைப் போட்டால்தான் இயந்திரம் ஓடும். இயந்திரம் ஒன்று, சாவியும் ஒன்று. அந்த ஒரு சாவியைத் தேடி அலையப் பொறுமையில்லாமல் அவசரம் யாருக்கும் தெரியாமல் இன்னொரு சாவி செய்து வைத்துக்கொண்டான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில், இயந்திரம் சும்மா நிற்கிறது என்று நினைத்து அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பினான். சாவி போடும் இடம் பின்பக்கம். முன்னால் போய் ஓர் எட்டுப் பார்த்திருந்தால் போதும், பாவி பார்க்கவில்லை. உள்ளே நெட்டையன் இருந்தான். பத்து வருடம் அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டவன், அவசரம் வாய் நிறைய 'அண்ணன்' என்று கூப்பிட்டது அவனைத்தான். பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள்.

போலீஸ் வருவதற்குள் மேற்பார்வையாளர் அந்தச் சாவியை அவன் கையிலிருந்து பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் அவனுடைய அக்கா புருஷன்.

"உனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்குடா. எனக்கு உங்க அக்காவை விட்டா யாரு? நான்தான் திருப்பினேன்னு சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காதே."

அவன் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்கிறவன், அதில் மட்டும் முந்தவே இல்லை.

அத்தானுக்கு ஐந்து வருடம் சிறை என்றார்கள். அவன் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவான்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் மனைவி விடாமல் இழுத்துப் போவாள். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தால் அவனுக்கு இருமல் வரும், இல்லையென்றால் வயிற்றுவலி. இந்த மூன்று வருடத்தில் அவனுக்கு வராத நோய் கிடையாது, எல்லாம் ஞாயிறு காலை ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.

போன புதன்கிழமை சிறையிலேயே மாரடைத்து அத்தான் போய்விட்டார். சனிக்கிழமை அடக்கம். மறுநாள் போதகர் மீட்பைப் பற்றிப் பேசினார்.

"நம்ம தண்டனையை இன்னொருத்தர் சுமந்துட்டார். அவ்வளவுதான் மீட்பு. அதுக்கு மேல நாம சேர்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அவர்கிட்டப் போகணும், அது ஒண்ணுதான் பாக்கி. அதைத்தான் நாம செய்ய மாட்டேங்கறோம்."

அன்று அவனுக்கு இருமல் வரவில்லை. வயிற்றுவலியும் வரவில்லை. அவனுக்காகச் சுமந்தவர் மண்ணுக்குள் இருக்கிறார். இனி யாரிடம் போவது? நெட்டையனின் மனைவி ஒருத்திதான் மிச்சம். அவளிடம் சொல்லாமல் இன்னொரு ஞாயிறு அவனால் இருமிக்கொண்டு உட்கார முடியாது.

மத்தியானமே போனான். கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுப்பது இப்போது அவள் பிழைப்பு. கதவைத் திறந்துவிட்டுத் தையல் மிஷினுக்கே திரும்பிப் போனாள். அவன் வாசற்படியிலேயே நின்றான்.

"அண்ணி, அன்னைக்கு சாவியைத் திருப்பினது அத்தான் இல்ல. நான்தான்."

மிஷின் நின்றது.

"தெரியும்," என்றாள்.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க அத்தான் ஜெயிலுக்குப் போன ரெண்டாம் மாசமே ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. 'ஒருநாள் அவனே வருவான், வந்தா கதவைச் சாத்திடாதேம்மா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. ஒரு வருஷம் உங்களைச் சபிச்சேன். சபிக்காத நாள் இல்ல. அப்புறம் அந்த மனுஷன் முகத்துக்காகச் சரின்னேன்."

விரிப்பை மடித்து வைத்தாள். ஓரம் சேராததால் திரும்பப் பிரித்து மடித்தாள்.

"மாசா மாசம் போய்ப் பார்த்தேன். அவர் கேக்கறது ஒண்ணுதான், 'வந்தானா?' போன மாசமும் கேட்டாரு. 'இன்னும் இல்லண்ணே'ன்னேன். 'வருவாம்மா, அவனுக்குக் கொஞ்சம் பயம்'னாரு."

அவன் படியிலேயே சரிந்து உட்கார்ந்து அழுதான். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அவள் தன் கதவைச் சாத்தவில்லை. தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா," என்றாள், "வந்துட்டான்னு அவர்கிட்டச் சொல்லியிருப்பேன்."