மூன்று குடைச் சாமி

இந்தக் கதையில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யலாம். சூடம் வாங்கி வருவது மட்டும் உங்கள் பொறுப்பு.

புதூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். ஊருக்கு முதல் எஸ்.டி.டி. பூத் வந்த வருஷம். அதோடு மூன்றாவது வருஷமாக மழை இல்லை. நிலம் வெடித்த வெடிப்பில் சிவனாண்டியின் வெள்ளாடு ஒன்று காலையில் விழுந்து, சாயங்காலம் கடம்பூரில் வெளியே வந்தது. வாயில் அந்த ஊர்க் கடைப் போளி பாதி இருந்தது. அறுபது உருப்படி இருந்த மந்தையில் பதினொன்றுதான் மிச்சம். அவையும் செத்தால் சிவனாண்டியும் அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாயும் ஊரை விட்டுப் போகவேண்டியதுதான்.

மத்தியான வெயிலுக்கு அவன் ஆடுகளை அடைக்கிற இடம், பருத்திக் காட்டுக்கு நடுவில் நின்ற செங்கல் கோவில். கல் என்று சொல்ல உள்ளே சாமி ஒன்றுதான். மற்றதெல்லாம் செங்கல், ஒவ்வொன்றும் பலகை மாதிரி அகலம். வரிசைக்கு வரிசை ஒரு விரற்கடை உள்ளே தள்ளி அடுக்கிக்கொண்டே போய், உச்சியை ஒற்றைச் செங்கலால் மூடியிருந்தார்கள். படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் கிணற்றைக் கவிழ்த்து வைத்தது போலிருக்கும். டேப்போடு வந்து அளந்த தொல்லியல்காரர் ஒருவர், சமணர் கட்டியது, ஆயிரம் வருஷம் இருக்கும் என்றார். "சாமிக் கல்லோட உச்சி பின்சுவருக்குள்ள சொருகியிருக்கு. சுவரைத் தாங்குறதே அதுதான். யாரும் தொட்டுராதீங்க" என்று சொல்லிப் போனார்.

சாமி சம்மணம் போட்டு, கண்ணை மூடி, அம்மணமாக உட்கார்ந்திருந்தார். ஆறுமுகத்தாய்க்கு அது கூச்சம். புருஷனின் சிவப்புத் துண்டை அவர் இடுப்பில் சுற்றிவிட்டுத்தான் விளக்கு வைப்பாள். சாமியின் தலைக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை செதுக்கியிருந்தது.

அந்தக் குடைகளைப் பருத்திக் காட்டுக்குச் சொந்தக்காரர் சண்முகராஜ்தான் கண்டுபிடித்தார். ஆயிரம் வருஷமாக அங்கேயேதான் இருந்தன. பருத்தி கருகிய பிறகுதான் அவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே சிவனாண்டி, இது எத்தன கொடைலே?"

"மூணு, மொதலாளி."

"மழ தண்ணி இல்லாம எத்தன வருசம் ஆச்சு?"

சிவனாண்டி விரலை மடக்கினான். "மூணு."

"வருசத்துக்கு ஒண்ணா விரிச்சிட்டு உக்காந்திருக்காருலே! பின்ன எப்படிப் பேயும்?"

கணக்குப் பொருந்திவிட்டதால் ஊரில் மறுபேச்சு இல்லை. குடை மூன்றையும் உடைத்துவிடுவது என்று முடிவானது. யார் உடைப்பது என்பதற்கும் சண்முகராஜிடம் பதில் இருந்தது. "அவரோட பொழங்குறவன் நீதாம்லே. நீ கை வச்சா கோவிச்சுக்கிட மாட்டாரு."

ஆறுமுகத்தாய் மட்டும் விடவில்லை. "ஏ மனுசா, உடுத்தத் துணியில்லாம இருக்காரு. அவருகிட்ட இருக்கது அந்தக் கொடைதான். அதையும் புடுங்கப் போறீராக்கும்?"

"பதினோரு உருப்படியும் செத்தா நீயா எனக்குக் கொடை பிடிப்ப?"

"அந்த டேப்புக்காரரு தொடக்கூடாதுன்னு சொன்னாவல்லா?"

"அவிய ஊர்ல பைப்புல தண்ணி வருது. அவியளுக்கு என்னட்டி?"

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் மத்தியானம் சிவனாண்டி கடப்பாரையோடு உள்ளே போனான். ஆறுமுகத்தாய் ஆடுகளோடு வாசலில் நின்றாள். கீழ்க்குடை உடைந்ததும் விளாத்திகுளம் பக்கம் ஒரு மேகம் எட்டிப் பார்த்தது. நடுக்குடை உடைந்ததும் காற்று ஈரமாகி அவன் மீசை நனைந்தது. மேல்குடைதான் சுவருக்குள் சொருகியிருந்தது. நெம்பினான், வரவில்லை. சாமியின் தோளில் கால் வைத்து நெம்பினான், வந்தது. மேலே எங்கோ செங்கல் ஒன்று பல்லைக் கடிப்பது போல நறநறத்தது.

கூடவே மழையும் வந்தது. துளிக்கு ஓர் ஆழாக்குத் தண்ணீர். சிவனாண்டி வெளியே ஓடி, வெடிப்பெல்லாம் மடக்மடக்கென்று குடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான். நனைந்தால் குட்டிகளுக்கு ஆகாது என்று ஆறுமுகத்தாய் பதினொன்றையும் கோவிலுக்குள் ஓட்டினாள்.

"ஏட்டி, வெளிய வா! மழையப் பாருட்டி!"

"குட்டியெல்லாம் வெறைக்கும். நீரு நனையும்" என்றாள் உள்ளேயிருந்து. அதற்கு மேல் அவள் பேசவில்லை.

உச்சியின் ஒற்றைச் செங்கல் முதலில் விழுந்தது. அப்புறம் வரிசை வரிசையாக, அடுக்கிய முறைக்கு நேர் தலைகீழாக எல்லாம் இறங்கியது.

பொழுது சாயும்வரை ஊரே செங்கல் அள்ளியது. அவளை எடுத்தபோது ஒரு குட்டியை மடியில் போட்டுக் கவிந்து மூடியிருந்தாள். குட்டியும் செத்திருந்தது. சாமிக்கு மூக்கில் சின்னக் கீறல், அவ்வளவுதான்.

போலீஸ் ஏட்டு வந்து கேட்டார். "எப்படிலே விழுந்துச்சு?"

"மழைதான்யா. ஆயிரம் வருசத்துச் சுவரு, ஊறிப்போச்சு."

"கடப்பாரை எதுக்குலே உள்ள கெடக்கு?"

"மழைதான்யா."

சண்முகராஜும் மழைதான் என்றார். ஊரும் மழைதான் என்றது. இன்றைக்கும் யார் கேட்டாலும் சிவனாண்டி அந்த மழையைத் துளித்துளியாகச் சொல்வான். தன் பெண்டாட்டியின் சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது என்பான். எடுத்துப் பிழிந்தவன் அவனே.

அந்த வட்டாரத்து மழைமானிப் பதிவேட்டில், அந்த ஐப்பசி முழுவதும் ஒரு சொட்டு மழைகூடப் பதிவாகவில்லை.