சம்பந்தியம்மா கூடவே இருந்தார்

“தொடர்ந்து ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?” என்று டாக்டர் இரண்டாவது தடவை கேட்டார்.

கட்டிலில் கிடந்த கணவனின் கை தூக்கித் தூக்கிப் போட்டது. அதை அமுக்கிப் பிடித்தபடி அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சம்பந்தியம்மாவைப் பார்த்தார். மூன்று நாளாக அவனுக்கு வயிற்றுப்போக்கு. காலையில் வாந்தியும் எடுத்து வாய் குழறத் தொடங்கியபோது, நாத்தனாரின் கல்யாண ஏற்பாடு பேச வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, சம்பந்தியம்மாவின் காரில்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் இருபதே நாள்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர். வைட்டமின் மாத்திரைதான்,” என்றார் மாமியார்.

அவள் வாயைத் திறந்தாள். மாமியாரின் விரல்கள் அவள் முழங்கையில் அழுந்தின. மூடிக்கொண்டாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருஷத்துக்கு முன்னால் பத்து நாள் தூங்காமல் ஓயாமல் பேசி, வீட்டில் ஓடாத கடிகாரம் முதல் ஓடுகிற மின்விசிறி வரை கழற்றிப் போட்டான். அப்புறம் ஒரு மாதம் எழுந்திருக்கவே இல்லை. மனநல மருத்துவர் “கவலையா இருக்கா?” என்று கேட்டதற்கு, “கவலை இல்லீங்க. கயிறு அறுந்து பெட்டி கீழ போய்க்கிட்டே இருக்கு. தரைதான் வரமாட்டேங்குது,” என்றான். அவருக்குப் புரிந்தது. மாத்திரை கொடுத்தார், ஆள் தேறினான். வீட்டில்தான் அதற்கு வாய்வு என்று பெயர் வைத்தார்கள். வாய்வில் ஒரு வசதி, யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

மாத்திரையை வைட்டமின் பாட்டிலில் மாற்றி வைத்தது மாமியாரின் யோசனை. பைத்தியம் என்கிற வார்த்தை ஒரு தடவை வாசல் தாண்டிவிட்டால் தன் பெண்ணை யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று பயந்தார். அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆறு வருஷமும் ஒருநாள் தவறாமல் அந்த மாத்திரையை மகன் கையில் வைத்துத் தண்ணீரும் கொடுத்தவர் அவர்தான்.

மதியம் அவனுக்கு வலிப்பு வந்தது. அவள் யாரையும் பார்க்காமல் எழுந்து ஓடி, நடைபாதையில் டாக்டரை மறித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் அவளையே பார்த்தார். “வயித்துப்போக்குல தண்ணி வத்திப்போய் அந்த மாத்திரையே விஷமாயிருக்கும்மா. காலையிலேயே ஏம்மா சொல்லல?”

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கு ஆள் விட்டார்கள். அது தயாராவதற்குள், நாலு மணிக்கு, அவன் போய்விட்டான்.

மறுநாள் காலையில் கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. தன் வாயைத் தானே அறைய வேண்டும்போல் இருந்தது. சம்பந்தியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. பிறகு காதோரம் குனிந்தார்.

“அந்தக் கை நடுக்கத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு தடவை அப்படித்தான் வந்துச்சு. பன்னெண்டு வருஷமா அதே மாத்திரைதான். வெளிய சர்க்கரைக்குன்னு சொல்லிக்குவோம்.”

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். “டாக்டர் கேட்டப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?”

“இருந்தேன்,” என்றார் சம்பந்தியம்மா. அவர் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. “நீயும்தானேம்மா இருந்த.”

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மாடி வீட்டு டீச்சர் உள்ளே வந்தார். கிடந்தவனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ, போன வாரம்கூட பார்த்தேனே, நல்லாத்தானே இருந்தாரு! எப்படிம்மா ஆச்சு?”

“வாய்வுதாங்க,” என்று மாமியார் தழுதழுத்தார். “நெஞ்சை அடைச்சு...”

“இல்ல அத்தை. நான் சொல்றேன்,” என்றாள் அவள்.

மாமியார் பேச்சை நிறுத்தினார். சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த நாத்தனார் தலையைத் தூக்கினாள்.

சம்பந்தியம்மாவின் கை அவள் கையிலிருந்து மெல்ல நழுவி, தன் மடிக்கே திரும்பிப் போனது.