ஏழாவது கேள்விக்குச் சொன்ன விடை

...ஹூவா, விச்சா, என்று எதிரே உட்கார்ந்திருந்த டெலிபோன் ஆபரேட்டர் முணுமுணுத்துக்கொண்டிருக்க, இவளுக்கு என்ன வந்தது, சொன்னால் எழுத வேண்டியது, சொல்லாவிட்டால் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியது, எட்டு மாதமாக வீட்டிலும் அதைத்தானே செய்கிறாள், சாப்பிடு என்றால் சாப்பிட்டு, படு என்றால் படுத்து... கண் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வுத்தாளில் எழுதிக் கொடுக்கும் இந்த ஸ்கிரைப் வேலைக்குக்கூட அவளாக வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரிதான் பெயரைக் கொடுத்துவிட்டாள், நாலு இடம் போய்வந்தால் மனசு மாறும் என்று. புருஷன் செத்துப்போன அன்றைக்கு அழுதது, அதோடு சரி. அதற்கப்புறம் துக்கம் என்று தேடினால் அதுவும் அகப்படவில்லை. வாசலருகே நாற்காலி போட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், அவங்க சொல்றதை மட்டும் எழுதுங்க, உங்க புத்திசாலித்தனத்தைக் காட்ட வேணாம். காட்டுவதற்கு இருந்தால்தானே.

அடுத்ததைப் படிங்கக்கா, என்றாள் ஆபரேட்டர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதினாலு வருஷமாக டெலிபோன் எடுப்பவள், நானூறு எக்ஸ்டென்ஷன் நம்பரும் தலைகீழாகத் தெரியும், ஆனால் சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் இந்த ஆங்கிலத் தேர்வு தேற வேண்டுமாம், மூன்று முறைதான் எழுதலாமாம், இது மூன்றாவது. தேற நாற்பது வேண்டும், போன தடவை ஒன்று குறைச்சல். ஒரே மார்க்கு அக்கா, இதுலயும் விட்டா ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஹலோ ஹலோதான், என்று உள்ளே நுழையும்போதே சிரித்துக்கொண்டு சொன்னாள், கையைப் பிடித்தால் சில்லென்று இருந்தது. கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும், ஹூ, விச், ஹூம், ஹூஸ், பத்துக் கேள்வி. இருபது வருஷம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்த இவளுக்கு இதெல்லாம் விரல்நுனியில் கிடந்தது, அந்த விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்காரியும் எழுதிக் கொடுக்கவில்லை, இவளும் சொல்லவில்லை. ஏழாவதைப் படித்தாள். கார் திருடுபோன ஆள் போலீசுக்குப் போனான், அவ்வளவுதான் விஷயம், நம் பேச்சில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறோம், இங்கிலீஷில்தான் ஆளுக்கும் காருக்கும் நடுவில் ஒரு சொல்லை நிற்க வைத்தாக வேண்டும், யாருடைய கார் என்று. ஆபரேட்டர் நெற்றியைத் தேய்த்தாள். ஆள்தானே, அப்ப ஹூ போடுங்கக்கா, என்றாள். இவள் கை ஹூஸ் என்று எழுதியது. ஏன் எழுதியது? பாவம் என்று தோன்றியதா, அதுகூட நிச்சயமாகத் தெரியவில்லை, பஸ்ஸில் யாரோ சாயும்போது கை தானாகப் போய்ப் பிடிக்குமே, அப்படி. எட்டாவதுக்குப் போய்விட்டாள்.

பத்து நிமிஷம் மிச்சமிருந்தது. எல்லாத்தையும் ஒருதடவை படிச்சுக் காட்டுங்க, என்றாள் ஆபரேட்டர். படித்தாள், ஏழாவது வந்தபோது பொய்யாக ஹூ என்று படித்திருக்கலாம், வாய் தாளில் இருந்ததைத்தான் படித்தது. நான் ஹூன்னுதானேக்கா சொன்னேன்? குரலில் கோபமில்லை, அதுதான் சங்கடம். இதுதாங்க சரி, என்று இவள் காதோடு சொன்னாள். ஆபரேட்டர் தலையை ஆட்டினாள். சரியா இருக்கும்க்கா. ஸ்கூல்ல ஒரு டீச்சர் எனக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தாங்க, பாஸுன்னாங்க, யாரு பாஸுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அடிச்சிட்டு நான் சொன்னதையே போடுங்க.

அடிக்கிற மாதிரி பேனாவை மேஜையில் கிறுக்கினால் போதும், சத்தம் கேட்கும், யாருக்குத் தெரியப்போகிறது, கண்காணிப்பாளர் பாதித் தூக்கத்தில் இருக்கிறார், ஒரே மார்க், ஒரு பெண்ணுடைய பிழைப்பு, இதில் என்ன பாவம்... பேனாமுனை மேஜைவரை போயேவிட்டது. அப்போதுதான் வீட்டு அலமாரி கண்முன் வந்தது, எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எழுந்து திறந்தால் புருஷனுடைய துணி இருந்த தட்டுகள் மூன்றும் துடைத்துவிட்டாற்போல் காலி, பனியன்கூட இல்லை, பின்னாலேயே கொழுந்தன் வந்து நின்றான், பார்த்துப் பார்த்து நீங்க கஷ்டப்படக்கூடாதுன்னுதான் அண்ணி, நீங்க தூங்கும்போதே எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்துட்டேன். இவள் என்ன சொன்னாள்? நல்லதாப் போச்சு தம்பி என்றாள். காப்பி வேறு போட்டுக் கொடுத்தாள். தங்கமான பிள்ளை என்று ஊரே சொல்கிறது, இவளும் யாரிடமோ சொன்னாள்... ஒரு சட்டையைக்கூட முகர்ந்து பார்க்காமல் போயிற்று. ஒன்றே ஒன்றையாவது என் கையால் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டேனா?

பேனாவைத் தாளுக்குக் கொண்டுவந்து ஹூஸை அடித்தாள், நன்றாக, ஒரு கோடு, பக்கத்தில் தப்பான விடையை நிறுத்தி எழுதினாள். அடிச்சிட்டீங்களா? அடிச்சிட்டேன். தேங்க்ஸ்க்கா, என்றாள் ஆபரேட்டர், ஆனால் அவளுடைய பத்து விரலும் மேஜை விளிம்பை இறுக்கிக்கொண்டிருந்தன. மணி அடித்தது. கண்காணிப்பாளர் தாளை வாங்கிக்கொண்டு போனார், அதில் முப்பத்தொன்பது போகிறதா நாற்பதா, இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வாசலில் கொழுந்தன் வண்டியோடு நிற்பான், தனியாக விடக்கூடாது என்று, ஏறுங்க அண்ணி என்பான். அண்ணனுடைய அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை யாரிடம் போயிற்று தம்பி, என்று கேட்க வேண்டும். கேட்டால் தன் குரல் எவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியவில்லை, அது பயமாக இருந்தது.